ஜோஸியின் அம்மா வைத்த மீன்கறி

"சேச்சி, இது மீன்கறி அல்ல. மீன் குளிச்சிட்டுப் போன வெள்ளம்."

வெள்ளம் என்றால் அவர்கள் பாஷையில் தண்ணீர். இலையில் சோற்றைப் பிசைந்தபடி ஜோஸி இதைச் சொன்னபோது, வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற மலையாளிகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சமையலறைக்குள் போன பிறகு கரண்டியைத் தூக்கித் தொட்டியில் எறிந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. கோயமுத்தூர் சிங்காநல்லூரில் மில் கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். மில்லில் ஃபிட்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் வேலை பார்த்த கேரளத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்னிடம் சாப்பிட்டார்கள். அப்போதுதான் கேட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு சேட்டன் ஹோட்டல் திறந்தார். ஒவ்வொருவராக அங்கே நழுவிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் ஜோஸிக்குத்தான் வாய் நீளம். மட்டாஞ்சேரிக்காரன். எதைப் பரிமாறினாலும் அவனுடைய அம்மச்சி, அதாவது அம்மா, வைக்கும் மீன்கறிக்கு வந்து முடிப்பான். சிவப்பாக இருக்குமாம். மண்சட்டியில் மூன்று நாள் கெடாதாம். மூன்றாம் நாள்தான் ருசியே வருமாம்.

எனக்கு ஒரு குணம். ஒரு சாப்பாட்டைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லிவிட்டால் அதைத் தின்று பார்க்கும்வரை உட்கார இருப்புக்கொள்ளாது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, மட்டாஞ்சேரிக்குப் போலாமுங்க."

"எதுக்கு?"

"மீன்கொளம்பு சாப்பிட."

"உனக்கென்ன கிறுக்கா சரசு?" என்றார். ஆனாலும் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு வயிற்றுப்புண். மோர்ச்சோறும் இட்லியும்தான் ஆகாரம். மிளகாயை வாசம் பிடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷனைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் நான் சாப்பாடு தேடிப் புறப்பட்டேன். மெஸ்ஸைத் தங்கச்சி பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள்.

ஜோஸியிடம் அவன் அம்மாவின் விலாசம் கேட்டேன். அவ்வளவு நேரம் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவன் கையைக் கழுவப் போய்விட்டான். "வேண்டாம் சேச்சி. இடுங்கிய சந்து. கண்டுபுடிக்க முடியாது."

"ஏதாச்சும் குடுத்துவுடறயா கண்ணு? துணிமணி, பலகாரம்?"

"ஒண்ணும் வேண்டாம்."

அவன் போன பிறகு இன்னொருத்தன் மெதுவாக வந்து சொன்னான்: "ஐஸ் கம்பெனிக்குப் பின்னால போய் ரோசம்மான்னு கேளுங்க." கேட்டு வைத்துக்கொண்டேன். முதலில் ஹோட்டல்களைப் பார்ப்போம், அவ்வளவு பெரிய ஊரில் ஒரு நல்ல மீன்கறி கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன்.

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகு. நல்ல கூட்டம். பாதிக் காயலில் எஞ்சின் இருமியது, பிறகு நின்றுவிட்டது. பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் மலை மாதிரி நிற்க, நாங்கள் அதை நோக்கி மெல்ல மிதந்துகொண்டிருந்தோம். எனக்கு நீச்சல் தெரியாது. இவர் மோர் வைத்திருந்த பிளாஸ்க்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். படகில் இருந்த மற்றவர்களோ பேப்பரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படண்டா. இது என்னும் நில்க்கும்." தினமும் நிற்கும் என்பதை ஒரு நற்செய்தி மாதிரி சொன்னார்.

அரிசி மூட்டை ஏற்றிய ஒரு வள்ளம் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தது. நாங்கள் இறங்கும்போது பசி கண்ணை இருட்டியது. அதுவும் எப்பேர்ப்பட்ட இடத்தில் இறங்கினோம்! கடைத்தெரு முழுக்கப் பண்டகசாலைகள். ஒரு வாசலில் சுக்கு, அடுத்ததில் மிளகு, அதற்கடுத்ததில் ஏலக்காய். உலகத்தின் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. அந்த வாசனையில் வெறும் வயிற்றோடு நடப்பது ஒரு தண்டனை.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரை நிறுத்தி, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். என் சேலைக்கட்டையும் மூக்குத்தியையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தமிழல்லே? வரணும்" என்று வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்து ஒரு ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் விட்டார். உள்ளே சாம்பார், ரசம், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம். பரிமாறியவர் உசிலம்பட்டிக்காரர்.

"நம்ம ஊர் மாதிரியே இருக்குதில்ல?" என்று இவர் இரண்டாவது முறை தயிர் வாங்கினார். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் சைக்கிள் ரிக்ஷாக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். "தமிழ்ச் சாப்பாடு வேண்டாம். உங்க ஊர்ச் சாப்பாடு." அவர் புரிந்ததாகத் தலையாட்டி, ஊரைச் சுற்றி, வேறொரு தமிழர் ஹோட்டலில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே இட்லி இன்னும் மிருதுவாக இருக்கும் என்றார். எங்கள்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை. கோபிக்க முடியவில்லை. லாட்ஜுக்குத் திரும்பி, மறுநாள் யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் மூக்கை நம்பிப் போனேன். ஒரு சாயாக்கடையில் மூங்கில் குழாயிலிருந்து புட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆவி பறக்க, தேங்காய்ப்பூ நடுநடுவே வெள்ளை வளையமாக. பக்கத்தில் கறுப்பாகக் கடலைக்கறி. உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் கடையே நிசப்தமானது. பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான். கடைக்காரர் பதறிப்போய் ஒரு பீரோவை இழுத்துக் குறுக்கே போட்டு, எனக்கென்று ஓர் அறையை உண்டாக்கினார். பீரோவின் முதுகைப் பார்த்தபடி சாப்பிட்டேன். ஆனால் புட்டு அருமை. அந்தக் கடலையில் தேங்காயை எந்த அளவுக்கு வறுத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க அடுப்புத்தான் தெரியவில்லை.

மதியம், கட்ச் பக்கமிருந்து வந்து குடியேறிய ஒரு கச்சி முஸ்லிமின் ஹோட்டலில் பிரியாணி. அங்கே 'ஃபேமிலி'க்கு என்று எண்ணெய் பிசுக்கேறிய திரை போட்ட அறை இருந்தது. அரிசி பொடியாக, நெய் மணத்தோடு இருந்தது. கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். ஆனால் நான் தேடி வந்தது அது இல்லையே. இன்னொரு ஹோட்டலில் மீன்கறி சொன்னேன். சிவப்பாகத்தான் வந்தது. தேங்காய்ப்பால் விட்டு, சர்க்கரை போட்ட மாதிரி ஒரு தித்திப்பு. இதற்கா மூன்று நாள் காத்திருப்பார்கள்?

"நல்ல மீன்கறி வேணுமெங்கில் கள்ளு ஷாப்பில் போகணும்" என்றார் அங்கே பில் போட்டவர். பிறகு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பெண்கள் போகிற இடமில்லை.

நான் இவரைப் பார்த்தேன்.

"முடியாது" என்றார்.

"தூக்குப்போசில வாங்கிட்டு வந்தாப் போதுமுங்க."

"எங்கப்பன் பாட்டன் காலத்துல இருந்து கள்ளுக்கடைப் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்ல சரசு."

போனார். நான் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை வாசலில் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கள்ளுக்கடைக்குள்ளிருந்து பாட்டும் சிரிப்பும் கேட்டன. ஒருவழியாகத் தூக்குப்போசியோடு வந்தபோது இவர் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. மீன்கறி வாங்க வந்தவர் ருசி பார்க்காமல் போகக் கூடாதென்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டார்களாம். "நல்ல மனுசங்க" என்றார், விக்கிக்கொண்டே.

லாட்ஜில் வந்து தின்று பார்த்தேன். காரம் உச்சந்தலையில் ஆணி அடித்தது. கள்ளுக்குத் தோதான கறி. ஆனால் மீன் எங்கே இருக்கிறது என்றே நாக்குக்குத் தெரியவில்லை. இவர் அன்று முழுக்க மோரைத் தவிர எதையும் தொடவில்லை. படுத்தபடி, "ஊருக்குப் போயிரலாம் சரசு" என்றார். எனக்கும் வெறுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் கால் ஓயவில்லை.

மறுநாள் ஐஸ் கம்பெனியைத் தேடிப் போனோம்.

அதன் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரையெல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர். அதில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் இறால் குவியல். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை ஓடுகிற வேகத்தில் கண்ணால் பின்தொடர முடியவில்லை. வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிற சரக்கு. "இங்கே ரோசம்மா யாருங்க?" என்றேன்.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை நனைந்த முண்டு, ஐம்பதைத் தொடுகிற வயது. கையை முண்டின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டே வந்தாள்.

"கோயமுத்தூர்லிருந்து வர்றமுங்க. உங்க ஜோஸி எங்க மெஸ்ஸுலதான் சாப்படறான்."

அவள் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே வடிந்துபோனது. "ஜோஸிக்கு எந்தெங்கிலும் பற்றியோ?" மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்கிறாள். சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"ஐயோ இல்லீங்க, நல்லா இருக்கறான். வேளாவேளைக்குச் சாப்படறான்."

அவள் மூச்சுவிடும்வரை காத்திருந்தேன். பிறகு அவள் நியாயமாகக் கேட்டாள், "அப்போ, நிங்ஙள் வந்நது?" எதற்காக வந்தீர்கள்?

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன். "நீங்க வெக்கற மீன்கறியச் சாப்பிட."

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் அதை மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள். அப்புறம் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவி இறால் தலையைத் தூக்கி எறிந்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ரோசம்மாவும் சிரித்தாள். மறைத்து வைத்திருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் பார்த்தேன். விரல் நுனிகளில் தோலே இல்லை. ஐஸ் தண்ணீரிலும் இறால் ஓட்டிலும் வெந்து, வெளுத்து, அங்கங்கே வெடித்துச் சிவந்திருந்தது.

"எனக்குக் கஞ்சி மட்டும்தான் வெக்க அறியும்" என்றாள். இந்தக் கையோடு மிளகாய்ப்பொடியைத் தொட முடியுமா? புளியைத் தொட முடியுமா? கல்யாணமான வருஷத்திலிருந்து கொட்டகையில்தான் வேலை. ஜோஸி சின்னவனாக இருக்கும்போதே கணவர் கடலில் போய்விட்டார். "கறி வெக்கறது எங்க பேச்சி. வரணும், காட்டித் தரேன்."

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனோம். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு சின்ன வீடுகள். ஒன்றில் மாதா படமும் இன்னொன்றில் முருகன் படமும் மாட்டியிருந்தன. பின்கட்டு இரண்டுக்கும் பொது. அங்கே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள்தான் பேச்சியம்மாள். அவள் புருஷனுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. என் குரலைக் கேட்டதும் அகப்பையோடு எழுந்து வந்தாள்.

"தமிழா? கேறி வாங்க, கேறி வாங்க. இரிக்கு. சாயா குடிச்சோ?"

அவள் பேசியது தமிழ்தான். ஆனால் இழுத்து, ராகம் போட்டு, பாதிக்கு மேல் மலையாளம் கலந்து வந்தது. "ஞங்க பண்டு திருநெல்வேலிப் பக்கமாம். நான் கண்டிட்டே இல்ல. தமிழ் பேசும், எழுதத் தெரியாது" என்றாள்.

மட்டாஞ்சேரிக்காரன் எங்கள் தமிழ்க் குழம்பைக் கேலி செய்ய, அவன் தின்று வளர்ந்ததெல்லாம் ஒரு தமிழச்சியின் குழம்பா! எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் அங்ஙனெதான் சேச்சி. என்னையே பாண்டிக்காரின்னு களியாக்குவான். சொல்லிட்டு ரெண்டு பிளேட்டு தின்னிட்டுப் போவான்." தமிழர்களைக் கேலியாக அவர்கள் பாண்டி என்பார்கள்.

ரோசம்மா கொட்டகையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மீன் கொண்டுவந்து கொடுப்பாள். பேச்சி இரண்டு வீட்டுக்கும் கறி வைப்பாள். பேச்சி பிரசவத்துக்குப் படுத்தபோதெல்லாம் ரோசம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இதற்குக் கணக்கு வழக்கெல்லாம் கிடையாது.

எனக்கு முந்தின நாள் கறியை எடுத்து வைத்தார்கள். புதிதாக வைத்தால் நாளைக்குத்தான் தின்ன வேண்டுமாம். தட்டில் வெந்த கப்பை, நம் மரவள்ளிக்கிழங்குதான், அதன்மேல் மத்தி மீன் இரண்டும் சாறும். கறுஞ்சிவப்பு நிறம். ஓரத்தில் தேங்காயெண்ணெய் பிரிந்து நின்றது. வாயில் வைத்தேன். முதலில் புளிப்பு. நம்முடைய புளி மாதிரி நாக்கைக் கூச வைக்காமல், புகை வாசத்தோடு மெல்ல வந்தது. காரம் பிறகு வந்தது, மீனைத் தாண்டிப் போகாமல் மீனோடு நின்றது. கப்பையின் மாவுத்தன்மை அதை வாங்கிக்கொண்டது. தின்று முடிக்கும்வரை நான் பேசவில்லை. அப்படி நான் பேசாமல் இருந்ததை இவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சாருக்கு?" என்று ரோசம்மா கேட்டாள். வயிற்றுப்புண் விவரம் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே தன் வீட்டு அடுப்பை மூட்டினாள். புழுங்கலரிசிக் குருணையும் பாசிப்பயறும் போட்டு, மிளகாய் இல்லாமல், தேங்காய் துருவிப்போட்டு ஒரு கஞ்சி. பலா இலையை மடித்து ஈர்க்குச்சி குத்திக் கரண்டியாகக் கொடுத்தாள். இவர் மூன்று கிண்ணம் குடித்தார். அந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு அதுதான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் மறுத்ததில்லை.

ரோசம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனபோது பேச்சி குரலைத் தாழ்த்தினாள். ஜோஸிக்கு வேலை கிடைத்ததும் அம்மாவைக் கொட்டகை வேலையை விடச் சொன்னானாம். அவள், கை ஓடுகிறவரை மகனிடம் கையேந்த மாட்டேன் என்றாளாம். வார்த்தை தடித்தது. "இந்த நாறுற கையால வாங்கித் தின்னு எனக்கு மதியாயின்னு சொல்லிட்டான். மதியாயின்னா போதும்ன்னு. அடுத்த நாள் போயி. பின்னே வந்நிட்டில்ல." அதற்குப் பிறகு ரோசம்மா அவன் பேச்சை எடுப்பதே இல்லையாம். இன்று கொட்டகையில்தான் அவன் பெயர் அவள் வாயில் வந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் விலாசம் தராதது, எதையும் கொடுத்துவிடாதது, எல்லாம். ரோசம்மா குடத்தோடு வந்ததும் நான் அடக்கிக்கொள்ளவில்லை.

"உங்க மகன் தெனமும் என்ன சொல்லுவான் தெரியுங்களா? நான் என்ன வெச்சுப் போட்டாலும், எங்க அம்மச்சி வெக்கற கறி மாதிரி வராதும்பான்."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "பேச்சியுடெ கறின்னா?"

"இல்லீங்க. அம்மச்சின்னுதான்."

"அம்மச்சின்னா சொன்னான்?"

"ஆமாங்க."

"எல்லாரும் கேக்கவா?"

"எல்லாரும் கேக்கத்தான்."

அவள் கொஞ்ச நேரம் குடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொருக்க சொல்லு" என்றாள். சொன்னேன். பேச்சி அடுப்பை ஊதுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாள் நானும் பேச்சியும் சேர்ந்து சமைத்தோம். மிளகாய்ப்பொடியைத் தண்ணீரில் குழைத்துத்தான் எண்ணெயில் போட வேண்டும், இல்லாவிட்டால் கருகும். அந்தப் புகை வாசப் புளிப்பைத் தரும் கொடம்புளியை முதலிலேயே ஊற வைக்க வேண்டும். மீன் போட்ட பிறகு கரண்டி கூடாது. இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியையே சுழற்ற வேண்டும். நான் பழக்கதோஷத்தில் கொத்தமல்லிப்பொடி டப்பாவை எடுத்தபோது பேச்சி என் புறங்கையில் ஓர் அடி அடித்தாள். என் மெஸ்ஸில் என் கையை அடிக்க யாருக்குத் துணிச்சல் உண்டு? வாங்கிக்கொண்டேன்.

கிளம்புகிற பேச்சு வந்தது. "எங்ககூட வாங்க, மகனப் பாத்துட்டு வரலாம்" என்று ரோசம்மாவைக் கூப்பிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். லோடு வந்து குவிந்து கிடக்கிறதாம். ஒருநாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாளாம். "அவன் வரட்டே. வழி அவனுக்கு அறியுமல்லோ."

புறப்படுகிற அன்று காலை பேச்சி சட்டி நிறையக் கறி வைத்து, வாழையிலையால் மூடி, துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். ரோசம்மா கொட்டகைக்குப் போகிற உடுப்பிலேயே சட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைவரை வந்தாள். என்னிடம் தரவில்லை. "நீ ஆட்டும். கறி தளும்பும்" என்றாள்.

படகில் ஏறி நானும் இவரும் உட்கார்ந்தோம். சட்டியை என் காலுக்கிடையில் சரியாக வைக்க வேண்டுமென்று அவளும் உள்ளே இறங்கினாள். குனிந்து, துணியைச் சுருட்டி அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். துறையில் நின்றிருந்த கொட்டகைப் பெண்கள் இரண்டு பேர், "ரோசம்மே! ரோசம்மே!" என்று கத்தினார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர். தாண்டியிருக்கலாம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எறணாகுளம் வரை வந்நிட்டு, அடுத்த போட்டில் திரும்பறேன்" என்றாள்.

அன்று எஞ்சின் நிற்கவில்லை. எர்ணாகுளத்தில் இறங்கியதும் சட்டியை மறுபடி அவளே எடுத்துக்கொண்டாள். ஸ்டேஷன்வரை கொண்டுவந்து தருகிறேன் என்றாள். ஸ்டேஷனில், கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் என்ன செய்வது, ஆலுவாவரை வருகிறேன் என்றாள். இவர் கவுன்டருக்குப் போனார். திரும்பி வந்து மூன்று டிக்கெட்டையும் சட்டைப்பைக்குள் வைத்தார். எதுவரை எடுத்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆலுவா வந்தது, போனது. அடுத்த பாலத்தில் வண்டி தடதடத்தபோது அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "திருச்சூரில் என் அனியத்தி உண்டு" என்றாள். தங்கையைப் பார்த்து நாளாகிவிட்டதாம், அங்கே இறங்கிக்கொள்வாளாம். எழுந்து போய் முகம் கழுவுகிற இடத்தில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வந்து உட்கார்ந்து விரல்களை முகர்ந்து பார்த்தாள். மறுபடி எழுந்து போனாள். நான் பெட்டியைத் திறந்து என் சேலை ஒன்றை எடுத்து மடியில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை.

திருச்சூரில் வண்டி நின்றது. அவள் ஜன்னல் வழியே பிளாட்பாரத்தைப் பார்த்தாள். "இப்போ அவ வீட்டில இருக்க மாட்டா" என்றாள். வண்டி கிளம்பியது. கிளம்பியதும் என் மடியிலிருந்த சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொட்டகை முண்டைச் சுருட்டிக்கொண்டு, என் அரக்குச் சேலையில் திரும்பி வந்தபோது வேறு ஆளாகத் தெரிந்தாள்.

ஒற்றப்பாலம் தாண்டியதும் கேட்டாள். "பாலக்காட்டிலிருந்து திரும்பிப் போக வண்டி உண்டோ?"

"உண்டுங்க" என்றார் இவர்.

"அப்போ அங்க இறங்கறேன். அதுக்கப்புறம் உங்க ஊரு. அதுக்கப்புறம் சட்டிய நீ பாத்துக்கணும்" என்று என்னிடம் எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி ஆட்டக் கூடாது என்றெல்லாம் காட்டினாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

பனைமரங்கள் தெரிய ஆரம்பித்தன. காற்று காய்ந்து அடித்தது. பாலக்காடு வந்தது. வண்டி ரொம்ப நேரம் நின்றது. வடையும் சாயாவும் விற்றுக்கொண்டு போனார்கள். எதிர்ப் பிளாட்பாரத்தில் எர்ணாகுளம் போகிற வண்டியும் வந்து நின்றது.

ரோசம்மா சட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்து, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள்.

"பாலக்காடு வந்துருச்சு. தூங்கறாங்களாட்ட இருக்குது" என்று இவர் அவளை எழுப்பக் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மூடிய இமைக்குள் அவள் கண்கள் அசைந்துகொண்டிருந்தன. சட்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுகியிருந்தன.

இவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். எதிர் வண்டி முதலில் கிளம்பியது. அதன் சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகுதான் எங்கள் வண்டி நகர்ந்தது. எல்லையிலுள்ள வாளையார்க் காடு வரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.